செங்கோட்டை விசாரணையும் ஜெனரல் ஷா நவாஸ் கானும்

இந்திய விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கு யாது என்னும் கேள்வி எழும்போதெல்லாம் நாம் சில பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். திப்பு சுல்தான், பகதூர் ஷா ஸஃபர், மௌலானா முஹம்மது அலி, மௌலானா அபுல் கலாம் ஆஸாத் என்று அந்த வரிசை நீளும். ஆனால் பெயர்ப் பட்டியல் மட்டுமே வரலாறு ஆகிவிடாது. அம்மனிதர்கள் எந்த நெருக்கடியில் எந்த முடிவை எடுத்தார்கள், அம்முடிவுக்காக எதனை இழந்தார்கள் என்பதை அறிந்தால்தான் வரலாறு நமக்குப் பாடமாகும். அந்த நோக்கில், இந்திய தேசிய இராணுவத்தின் தளபதிகளுள் ஒருவரான மேஜர் ஜெனரல் ஷா நவாஸ் கான் அவர்களின் வாழ்க்கையை நம் ஜமாஅத்தார்களின் பார்வைக்கு இங்கே வைக்கிறோம்.

பிறப்பும் குடும்பமும்

இன்றைய பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டி மாவட்டத்தின் மட்டோர் என்னும் சிற்றூரில் 1914 ஜனவரி 24 அன்று ஷா நவாஸ் கான் பிறந்தார். ஜஞ்சுவா ராஜபுத்திர வம்சத்தைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம் அது. தலைமுறை தலைமுறையாக இராணுவப் பணியே அக்குடும்பத்தின் தொழிலாகவும் பெருமையாகவும் இருந்தது. தம் தந்தையார் முப்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் பணியாற்றியதையும், தம் உறவினர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் அதே இராணுவத்தில் அதிகாரிகளாக இருந்ததையும் பின்னாளில் அவரே நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்.

டேராடூனில் இருந்த இராணுவக் கல்லூரியில் பயின்று, பதினான்காம் பஞ்சாப் ரெஜிமெண்டில் அதிகாரியாக அவர் சேர்ந்தார். அரசருக்கு விசுவாசமாக இருப்பது குடும்ப மரபு. அதில் ஐயம் கொள்ள அவருக்கு அப்போது எந்தக் காரணமும் இருக்கவில்லை. ஓர் இளம் ஆங்கிலேய அதிகாரியின் கண்களால்தான் தாம் இந்தியாவைப் பார்த்து வந்ததாக அவர் பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். இந்த உண்மையை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிறக்கும்போதே புரட்சியாளராகப் பிறந்தவரல்லர் அவர். சிந்தித்து, தயங்கி, தம்மோடு தாமே போராடி, பிறகே மாறியவர்.

சிங்கப்பூரின் வீழ்ச்சி

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை மலாயா முழுவதையும் சில வாரங்களில் கைப்பற்றிக்கொண்டு தெற்கே வந்தது. 1942 ஜனவரி இறுதியில் ஷா நவாஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். வந்து மூன்று வாரங்கள் நிறைவதற்குள், பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

இரண்டு நாட்கள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, இந்தியச் சிப்பாய்கள் மட்டும் ஃபேரர் பார்க் மைதானத்தில் ஒன்றுகூட்டப்பட்டனர். ஏறத்தாழ 45,000 பேர் அங்குத் திரண்டிருந்தனர். பிரிட்டிஷ் தரப்பில் வந்த கர்னல் ஹண்ட், அவர்களை ஜப்பானிய அதிகாரி மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். இனி நீங்கள் ஜப்பானியரின் ஆணைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி. ஃபுஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கின் பொறுப்பில் விட்டார். இந்தியாவின் விடுதலைக்காகப் போரிடும் ஒரு படையை அமைக்கப்போவதாக மோகன் சிங் அறிவித்தார்.

கால்நடைகளைக் கைமாற்றுவதுபோல் தம்மையும் தம் சிப்பாய்களையும் கைமாற்றிவிட்டார்கள் என்ற மனக்காயம் ஷா நவாஸுக்கு ஏற்பட்டது. ஆயினும் அவர் உடனே புதிய படையில் சேர்ந்துவிடவில்லை. மாறாக, தொடக்கத்தில் அதனை எதிர்த்தார். ஜப்பானியர் இந்தியர்களைத் தம் சுயநலத்திற்காகப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதே அவருடைய அச்சம். நீசூன் போர்க்கைதிகள் முகாமின் பொறுப்பில் இருந்த அவர், சில மாதங்களுக்குப் பிறகே, விலகி நிற்பதைவிட உள்ளே இருந்துகொண்டு கைதிகளின் நலனைக் காப்பதும், இந்தப் படை ஜப்பானியரின் கைப்பாவையாகிவிடாமல் தடுப்பதும் மேல் என்று கருதி அதில் இணைந்தார்.

அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று. ஜப்பானியருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1942 டிசம்பரில் மோகன் சிங் கைது செய்யப்பட்டார். முதல் படை கலைக்கப்பட்டது. ஜப்பானிய ஆதிக்கம் எத்தகையது என்பதை மலாயாவில் வாழ்ந்த நம் தமிழ் மக்களும் தம் உடலாலேயே அறிந்தார்கள். சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் பல்லாயிரவர் திரும்பி வரவே இல்லை. எனவே, ஒரு ஆதிக்கத்தை விரட்ட மற்றொரு ஆதிக்கத்தின் துணையை நாடலாமா என்னும் கேள்வி அன்று வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. அக்கேள்வியின் சுமையை அறிந்தே ஷா நவாஸ் அப்பாதையில் காலெடுத்து வைத்தார்.

நேதாஜியின் வருகை

1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜெர்மனியிலிருந்து அவரை அழைத்து வந்த நீர்மூழ்கிக் கப்பல் பயணத்தில் உடனிருந்த இந்தியர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹஸன் ஒருவர்தாம். ஜூலை 5 அன்று நடைபெற்ற அணிவகுப்பில் நேதாஜி 'சலோ டெல்லி' என்ற முழக்கத்தை எழுப்பினார். டெல்லி என்று அவர் சுட்டியது செங்கோட்டையை. 1858-இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸஃபரைக் குற்றவாளியாக நிறுத்தி ஆங்கிலேயர் விசாரித்த அதே கோட்டை அது. 1943 செப்டம்பர் 26 அன்று ரங்கூனில் உள்ள அம்மன்னரின் அடக்கத்தலத்திற்கு நேதாஜி நேரில் சென்று மரியாதை செலுத்தியதன் பொருளும் இதுவே.

நேதாஜியின் வருகையால் ஷா நவாஸின் தயக்கம் முற்றிலும் நீங்கியது. அரசரா, நாடா என்னும் கேள்வி தம் முன் நின்றபோது தாம் நாட்டையே தேர்ந்தெடுத்ததாகவும், அம்முடிவில் உறுதியாக நிற்பதாகத் தம் தலைவருக்கு வாக்களித்ததாகவும் அவர் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். 1943 அக்டோபர் 21 அன்று ஆஸாத் ஹிந்த் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டபோது, படைகளின் பிரதிநிதிகளுள் ஒருவராக ஷா நவாஸ் அதில் இடம்பெற்றார். அந்த அரசின் ஆலோசகர்களுள் ஒருவராகப் பர்மாவில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம் பத்திரிகையாளர் கரீம் கனி அவர்கள் இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை சேர்க்கும் செய்தியாகும்.

இத்திஹாத், இஃதிமாத், குர்பானி என்னும் மூன்று சொற்கள் அப்படையின் குறிக்கோளாக விளங்கின. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பது அவற்றின் பொருள். பிரிட்டிஷ் இராணுவத்தில் மதவாரியாகவும் இனவாரியாகவும் பிரிக்கப்பட்டிருந்த சிப்பாய்கள் இங்கே ஒரே அணியில் நின்றார்கள். ஒரே சமையலில் உண்டார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பெருந்திரளாக வந்து சேர்ந்தார்கள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களே மிகுதி. செல்வம் படைத்தோரும் பின்வாங்கவில்லை. ரங்கூனில் வணிகம் செய்துவந்த அப்துல் ஹபீப் யூசுஃப் மர்ஃபானி என்னும் குஜராத்தி முஸ்லிம் பெருந்தகை ஒரு கோடி ரூபாய் அளவிலான தம் சொத்தையெல்லாம் இயக்கத்திற்கு வழங்கினார்.

போர்முனையில்

மலாயாவின் தைப்பிங் நகரில் 1943-இல் அமைக்கப்பட்ட முதலாம் கெரில்லா ரெஜிமெண்டுக்கு ஷா நவாஸ் தளபதியானார். சுமார் 3,000 பேரைக் கொண்ட அப்படையைச் சிப்பாய்கள் 'சுபாஷ் பிரிகேட்' என்று அழைத்தார்கள். இந்தியர்கள் போரிட வல்லவர்களா என்று ஜப்பானியத் தலைமைக்கு ஐயம் இருந்தது. அந்த ஐயத்தைப் போக்கும் சோதனையாகவே இந்த ரெஜிமெண்ட் 1944 தொடக்கத்தில் பர்மா எல்லைக்கு அனுப்பப்பட்டது.

அதன் ஒரு பிரிவு கலடான் பள்ளத்தாக்கு வழியாக முன்னேறி, இந்திய மண்ணில் இருந்த மௌடோக் காவல்நிலையைக் கைப்பற்றியது. ஷா நவாஸின் நேரடிப் பொறுப்பில் இருந்த ஏனைய பிரிவுகள் சின் மலைப்பகுதியின் ஹாகா, ஃபாலம் முனைகளைக் காத்து நின்றன. பீரங்கியோ விமானமோ இல்லை. பாரம் சுமக்கக் கழுதைகளோ வண்டிகளோ போதிய அளவில் இல்லை. சிப்பாய்களே மலையேறி அரிசியைச் சுமந்து வந்தார்கள். ஜப்பானியர் தருவதாகச் சொன்ன உணவும் மருந்தும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. தம் வீரர்களைச் சாலை போடும் வேலைக்குப் பயன்படுத்துவதை எண்ணி ஷா நவாஸ் மனம் நொந்தார். பிறகு கோஹிமா நோக்கிச் செல்ல ஆணை வந்தது. அவர்கள் அங்குச் சென்று சேர்ந்த வேளையில் போரின் போக்கே மாறிவிட்டது. பருவமழை கொட்டத் தொடங்கியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பசியும் குண்டுகளைவிட அதிக உயிர்களைக் குடித்தன. பின்வாங்கிய வழியெங்கும் இளைஞர்கள் விழுந்து மடிந்தார்கள். இவற்றையெல்லாம் ஷா நவாஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த நாட்குறிப்பையே பின்னர் அரசுத் தரப்பு அவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் முன்வைத்தது.

1945 தொடக்கத்தில் பர்மாவின் போப்பா மலைப்பகுதியில் இரண்டாம் டிவிஷனின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருடைய தலைமையின் கீழ் பி.கே. ஸஹகலும் ஜி.எஸ். தில்லானும் ரெஜிமெண்டுகளை நடத்தினார்கள். வெற்றிக்கு வாய்ப்பில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதிகாரிகள் சிலர் எதிர்த்தரப்புக்கு ஓடிப்போனார்கள். எஞ்சியோர் ஐராவதி நதிக்கரையிலும் போப்பாவிலும் நின்று போரிட்டார்கள். இறுதியில் 1945 மே மாதம் பெகு நகரின் அருகே ஷா நவாஸ் பிடிபட்டார்.

செங்கோட்டை வழக்கு

நேதாஜி எந்தக் கோட்டையில் கொடியேற்றக் கனவு கண்டாரோ, அந்தச் செங்கோட்டைக்கே அவருடைய தளபதிகள் கைதிகளாக வந்து சேர்ந்தார்கள். 1945 நவம்பர் 5 அன்று இராணுவ நீதிமன்றம் கூடியது. ஷா நவாஸ், ஸஹகல், தில்லான் ஆகிய மூவரும் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். இம்மூவரையும் சேர்த்து நிறுத்தியதன் மூலம் அரசு தன்னை அறியாமலேயே நாடு முழுவதையும் அவர்களின் பின்னால் நிறுத்திவிட்டது.

வழக்கறிஞர் பூலாபாய் தேசாய் தலைமையில் தேஜ் பகதூர் சாப்ரு, ஆசஃப் அலி, கைலாஸ்நாத் கட்ஜு முதலானோர் எதிர்வாதம் செய்ய முன்வந்தார்கள். ஜவஹர்லால் நேரு பல்லாண்டுகளுக்குப் பிறகு வழக்கறிஞர் அங்கியை அணிந்து நீதிமன்றம் வந்தார். உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் பூலாபாய் தேசாய் நிகழ்த்திய வாதம் சட்ட வரலாற்றில் நிலைபெற்றது. அடிமைப்பட்ட ஒரு நாட்டு மக்கள் தம் விடுதலைக்காக அரசு அமைத்து, முறையான படை திரட்டிப் போரிடும் உரிமை உடையவர்கள். அப்படையின் வீரர்களைச் சாதாரணக் குற்றவாளிகளாகக் கருத முடியாது என்பதே அவ்வாதத்தின் சாரம். ஃபேரர் பார்க்கில் தம் சிப்பாய்களைக் கைவிட்ட அரசு, பிறகு அவர்களிடம் விசுவாசத்தை எப்படிக் கேட்கலாம் என்ற வினாவும் அதனுள் அடங்கியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. ஷா நவாஸும் அரசருக்கு உறுதிமொழி அளித்தே பணியில் சேர்ந்தவர். அந்த உறுதிமொழியை மீறியது சரியா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். அதே சிங்கப்பூரில் உறுதிமொழியைக் காக்கவேண்டும் என்று எண்ணி, புதிய படையில் சேர மறுத்து, ஜப்பானியரின் கொடுமைகளை அனுபவித்த இந்தியக் கைதிகளும் பல்லாயிரவர் உண்டு. அவர்களை நாம் இழிவாகப் பேசக்கூடாது. இருசாராரும் மனச்சாட்சியின் முன் நின்றே முடிவெடுத்தார்கள். ஆனால் ஷா நவாஸின் தனிச்சிறப்பு இதுதான்: தாம் செய்ததை அவர் மறுக்கவில்லை. அச்சுறுத்தலால் சேர்ந்தேன் என்றோ, ஏமாற்றப்பட்டேன் என்றோ சொல்லித் தப்பிக்க முயலவில்லை. நாட்டுக்காகப் போரிட்டேன் என்று தூக்குக்கயிற்றின் நிழலில் நின்று சொன்னார்.

போப்பாவில் படையை விட்டு ஓட முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட முஹம்மது ஹுசைன் என்னும் சிப்பாய் சுட்டுக்கொல்லப்பட்டதற்கு உடந்தையாக இருந்தார் என்பது அவர்மீதான மற்றொரு குற்றச்சாட்டு. அதனை அவர் மறுத்தார். நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்கவில்லை. போரின் இருண்ட பக்கத்தைச் சேர்ந்த இச்செய்தியை மறைத்துவிட்டு வரலாறு எழுதுவது முறையன்று என்பதால் இங்கே குறிப்பிடுகிறோம்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நாடு கொதித்தெழுந்தது. 1945 நவம்பரில் கல்கத்தா வீதிகளில் மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். டிசம்பர் 31 அன்று விசாரணை முடிந்தது. மூவருக்கும் ஆயுட்கால நாடுகடத்தலும், பதவி நீக்கமும், சம்பள பாக்கி பறிமுதலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. ஆனால் 1946 ஜனவரி 3 அன்று தலைமைத் தளபதி ஆக்கின்லெக், நாடுகடத்தல் தண்டனையை நீக்கி மூவரையும் விடுவித்தார். இந்தியச் சிப்பாய்களின் மனநிலை மாறிவிட்டதை அவர் உணர்ந்துகொண்டார். அடுத்த மாதமே மற்றொரு விசாரணையில் கேப்டன் அப்துல் ரஷீதுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டபோது, கல்கத்தாவில் காங்கிரஸ் கொடியும் முஸ்லிம் லீக் கொடியும் ஒன்றாக ஏந்தப்பட்டன. பிப்ரவரி 18 அன்று பம்பாயில் கடற்படைக் கிளர்ச்சி வெடித்தது. தாம் நம்பி ஆண்ட வாள் இனித் தமக்கு உதவாது என்பதை ஆட்சியாளர் உணர இந்த வழக்கு பெரிதும் காரணமாயிற்று.

பிரிவினையும் அதன் பிறகும்

1947 மார்ச்சில் பீகாரில் கலவரத்தால் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கு ஆறுதல் சொல்லக் காந்தியடிகள் ஊர் ஊராகச் சென்றபோது, ஷா நவாஸ் அங்கே நிவாரணப் பணியில் ஈடுபட்டார். போர்முனைத் தளபதி வீடிழந்தோருக்கு நம்பிக்கையூட்டும் தொண்டராக மாறினார். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் நாடு பிரிக்கப்பட்டபோது அவர் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குச் சென்றது. உறவும் நிலமும் முன்னோர் கப்ருகளும் அங்கே இருந்தன. ஆனால் எந்த இந்தியாவுக்காகப் போரிட்டாரோ அந்த இந்தியாவையே தம் நாடாக அவர் தேர்ந்தெடுத்தார். அவருடன் போர்முனையில் நின்ற முஹம்மது ஸமான் கியானி போன்றோர் பாகிஸ்தானில் வாழ்ந்தார்கள். ஒரே படையில் ஒன்றாக உண்டவர்கள் இரு நாட்டவரானார்கள்.

விடுதலைக்குப் பின் ஷா நவாஸ் காங்கிரஸில் இருந்து அரசியல் பணியாற்றினார். மீரட் பகுதியிலிருந்து 1952, 1957, 1962, 1971 ஆகிய தேர்தல்களில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரயில்வே துணை அமைச்சர் உள்ளிட்ட பொறுப்புகளை வகித்தார். அவருடைய போர்க்கால அனுபவங்கள் 1946-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன.

1956-இல் மற்றொரு கடினமான பொறுப்பு அவரைத் தேடி வந்தது. நேதாஜி என்ன ஆனார் என்பதை ஆராயும் மூவர் குழுவின் தலைவராக அரசு அவரை நியமித்தது. 1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் நேதாஜி உயிர் நீத்தார் என்று அக்குழு முடிவு கூறியது. அந்த விமானத்தில் உடன் சென்று உயிர் தப்பிய கர்னல் ஹபீபுர் ரஹ்மானும் ஷா நவாஸின் பழைய தோழரே. குழுவில் இருந்த நேதாஜியின் தமையனார் சுரேஷ் சந்திர போஸ் மாறுபட்டார். மக்களில் பலரும் நம்ப மறுத்தார்கள். ஷா நவாஸ் கடும் விமர்சனத்திற்கு ஆளானார். 1970-களில் கோஸ்லா ஆணையம் அதே முடிவுக்கு வந்தது. 2005-இல் முகர்ஜி ஆணையம் அதனை மறுத்தது. அரசு அம்மறுப்பை ஏற்கவில்லை. தாம் உயிரினும் மேலாக நேசித்த தலைவரின் மறைவை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டிய நிலை ஒரு தொண்டருக்கு எவ்வளவு வேதனையானது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுதந்திர இந்தியாவின் இராணுவத்தில் இந்திய தேசிய இராணுவத்தினர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் வந்த பிறகே அவர்களில் பலருக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் மறைந்துவிட்டார்கள். 1983 டிசம்பர் 9 அன்று ஷா நவாஸ் கான் அவர்களும் மறைந்தார்கள். தில்லி ஜாமிஆ மஸ்ஜிதின் அருகே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள். தாம் கைதியாக நின்ற செங்கோட்டைக்கு அருகிலேயே இறுதி உறக்கமும் வாய்த்தது.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றைப் படித்துப் பெருமைப்படுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. முஸ்லிமின் நாட்டுப்பற்றைக் குறித்து ஐயம் எழுப்பப்படும் வேளைகளில், கோபத்தால் பதில் சொல்வதைவிடச் சான்றுகளால் பதில் சொல்வதே சிறந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்ட வக்கம் அப்துல் காதர் என்னும் கேரள இளைஞரின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார் கரையில் இறங்கிப் பிடிபட்டவர் அவர்.

நம் ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் பிழைக்கச் சென்ற முன்னோர்கள் இந்தப் போரின் நடுவே வாழ்ந்தவர்கள். சிலர் படையில் சேர்ந்திருக்கலாம். சிலர் பொருள் கொடுத்திருக்கலாம். சிலர் பர்மாவிலிருந்து கால்நடையாகவே திரும்பியிருக்கலாம். அவர்களின் பழைய கடிதங்களும் கடவுச்சீட்டுகளும் புகைப்படங்களும் நம் வீட்டுப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அச்செய்திகளை எழுதிவைக்கும் பணியை நம் இளைஞர்கள் மேற்கொள்ள வேண்டும். மத்ரஸா ஆண்டு விழாக்களிலும் சுதந்திர தின நிகழ்ச்சிகளிலும் இத்தகைய வரலாறுகள் பேசப்பட வேண்டும்.

ஷா நவாஸ் கானின் வாழ்க்கையில் இராணுவ வெற்றி என்று சொல்லத்தக்கது சிறிதே. அவருடைய படை தோற்றது, அவர் கைதியானார், அவருடைய ஊர் வேறு நாடானது. ஆயினும் ஒரு தலைமுறையின் அச்சத்தைப் போக்கியதில் அவருக்குப் பங்குண்டு. தயங்க வேண்டிய இடத்தில் தயங்கி, ஆராய்ந்து முடிவெடுத்து, எடுத்த முடிவின் விளைவைத் தாமே ஏற்றுக்கொண்டவர் அவர். அந்த நேர்மையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.